இஞ்ச் டேப்பை எங்கே வைத்து அளப்பது?

எடை மெஷின் காட்டும் எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் அருகருகே வெளியானது. ஒருவர் புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் ஜான் யட்கின். உயரத்துக்கும் எடைக்குமான கணக்கான பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் உடலில் இருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லியாக இருந்தும் வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமக்கிற உடல்வாகு இந்தியர்களிடம் அதிகம். அதை வீட்டிலேயே கண்டறிய ஒரு தையல் டேப் போதும்.

முதல் வேலை, சரியாக அளப்பது. பேண்ட் சைஸை இடுப்புச் சுற்றளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொப்பை உள்ளவர்கள் பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் போடுகிறார்கள். காலையில் சாப்பிடும் முன் சட்டையை விலக்கிவிட்டு நேராக நில்லுங்கள். விலாவின் பக்கவாட்டில் கடைசி எலும்பைத் தடவிப் பாருங்கள். அதற்குக் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். டேப் முதுகுப்பக்கம் சரியாமல் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நம்மவர்களுக்கான எல்லை. டேப் இல்லையென்றால் உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொட்டுக்கொள்ளவில்லை என்றால் அக்கறை எடுக்க வேண்டிய நேரம்.

இந்த இடத்துக் கொழுப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சேமிப்பு அல்ல. அது ஹார்மோன் சுரக்கும் ஓர் உறுப்பு. 1994-ல் கண்டறியப்பட்ட லெப்டின் அங்கிருந்துதான் மூளைக்குப் போய், உடலில் எவ்வளவு இருப்பு உள்ளது என்று தெரிவிக்கிறது. அடிபோநெக்டின் என்ற இன்னொன்று இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுகிறது. தொப்பை பெருக்கும்போது அதன் அளவு குறைகிறது. தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. அங்கே இடம் போதாமல் போகும்போதுதான் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் தசையிலும் கணையத்திலும் போய்ப் படிகிறது. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பின் ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. அதோடு கொழுப்பு அமிலங்களும் போகின்றன. கல்லீரல் இன்சுலின் சொல் கேட்பதைக் குறைத்து, தேவையில்லாதபோதும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. பிறவியிலேயே தோலடிக் கொழுப்பு இல்லாத லிப்போடிஸ்ட்ரோபி நோயாளிகள் மிக ஒல்லியாக இருந்தும் கடுமையான சர்க்கரை நோய்க்கும் கொழுப்புக் கல்லீரலுக்கும் ஆளாகிறார்கள். கொழுப்பே எதிரி என்று நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அடுத்து, அந்த அளவை வைத்து மதிப்பெண் போடுங்கள். சர்க்கரை நோய் வரும் அபாயத்தைக் கணிக்கச் சென்னையில் டாக்டர் வி. மோகன் குழு 2005-ல் உருவாக்கிய கணக்கு இது. வயது 35-க்குக் கீழ் என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50-ம் அதற்கு மேலும் 30. இடுப்பு எல்லைக்குள் இருந்தால் 0, எல்லையைத் தொட்டாலோ தாண்டினாலோ 10, அதற்கும் மேலே 10 சென்டிமீட்டர் போனால் 20. உடற்பயிற்சியும் உடலுழைப்பும் இரண்டும் இருந்தால் 0, ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லையென்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. நாற்பது வயது, 94 சென்டிமீட்டர் இடுப்பு, உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சியும் இல்லை, அம்மாவுக்குச் சர்க்கரை என்றுள்ள ஆணுக்கு 70 வருகிறது. 60 தொட்டாலே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, டிரைகிளிசரைடு, ஹெச்.டி.எல்., கல்லீரலுக்கான எஸ்.ஜி.பி.டி. கேளுங்கள். ரத்த அழுத்தமும் பாருங்கள். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள்; டிரைகிளிசரைடு 150-ஐத் தாண்டுவதும் கவனிக்க வேண்டியதே.

இனி குறைக்கும் வழி. வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தால் வயிறு கரையும் என்ற நம்பிக்கை வேண்டாம். தசை வலுப்படும், மேலுள்ள கொழுப்பு தனியாகக் கரையாது. அறுவையில் உறிஞ்சி எடுத்தாலும் பயனில்லை: 2004-ல் வெளியான ஓர் ஆய்வில் பெண்களுக்குச் சுமார் 10 கிலோ தோலடிக் கொழுப்பை எடுத்த பிறகும் இன்சுலின் வேலை செய்யும் விதம் மாறவில்லை. எடை மொத்தமாகக் குறையும்போது உள்கொழுப்பும் கரைகிறது, அதுவும் கல்லீரல் கொழுப்பு சீக்கிரமே. 70 கிலோ உள்ளவர் 5 கிலோ குறைத்தால் போதும். அமெரிக்காவில் 7 சதவீத எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காகக் கொடுத்த ஆய்வில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் சென்னையில் நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில் அது 28.5 சதவீதம். மாத்திரை இல்லாமல் கிடைத்த பலன் அது.

தட்டில் சோற்றைப் பாதியாக்கி, மீதி இடத்தில் பொரியலும் கீரையும் சுண்டலும் முட்டையும் வையுங்கள். டீ, காபிச் சர்க்கரையை நிறுத்துங்கள். சாப்பிட்டதும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். வாரம் இருமுறை தோப்புக்கரணமும் சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சியும் செய்தால் சர்க்கரையை உள்வாங்கும் தசை வலுக்கும். மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

மாதம் ஒருமுறை அதே நேரத்தில், அதே இடத்தில் அளந்து நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எடை அசையாவிட்டாலும் இடுப்பு ஓரிரு சென்டிமீட்டர் இறங்கலாம். அது நல்ல செய்தியே. கர்ப்பிணிகளுக்கு இந்த அளவு பொருந்தாது. ஏற்கெனவே இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும். முயற்சி எதுவும் இல்லாமல் எடை இறங்கி, தாகமும் சிறுநீரும் அதிகமானால் அன்றே பரிசோதனைக்குப் போய்விடுங்கள்.