பி.டி. பீரியட் மேல் என்ன கோபம்?

(பள்ளிச் சேர்க்கை குறித்த வாசகர் கேள்விகளுக்குக் கல்வி ஆலோசகர் பதில்)

பையன் ஆறாம் வகுப்பு போகிறான். இப்போதைய பள்ளியில் எப்போது பார்த்தாலும் மேட்ச், டோர்னமென்ட்தான். மயிலாப்பூர் பக்கம் படிப்புக்கே முதலிடம் தரும் பள்ளி எது?
– வாசகி, மந்தைவெளி

தேடவே வேண்டாம், தெருவுக்கு ஒன்று இருக்கிறது. தேட வேண்டியது ஒழுங்காகப் பாடம் நடத்தும் பள்ளியை. விளையாட்டைக் குறைத்தால் படிப்பு தானாக ஏறிவிடாது. கிரிக்கெட் வீரர் ஸ்ரீகாந்த் மயிலாப்பூர் வித்யா மந்திரில் படித்து, கிண்டி பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரிகல் முடித்தவர். அஸ்வின், பத்மா சேஷாத்ரியிலும் சாந்தோம் செயின்ட் பீட்ஸிலும் படித்து, எஸ்.எஸ்.என். கல்லூரியில் பி.டெக். வாங்கியவர்.

நீங்கள் சேர்க்க நினைக்கும் பள்ளியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். தப்பைச் சுழித்து, அதே கணக்கை மறுபடி போடவைத்து, அதையும் திருத்தியிருந்தால் சேர்த்துவிடலாம். தப்பான விடைக்கும் சேர்த்து ஒரே இழுப்பில் டிக் போட்டு, கீழே தேதியும் இனிஷியலும் மட்டும் இருந்தால், அட்மிஷன் ஃபாரம் வாங்குகிற காசு மிச்சம்.

அடையாறில் ஒரு பள்ளி வாசலில் ‘100 சதவீதத் தேர்ச்சி’ என்று ஃப்ளெக்ஸ். நம்பலாமா?
– வாசகர், பெசன்ட் நகர்

எத்தனை பேரில் நூறு சதவீதம் என்று கேட்டீர்களா? மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. ஃப்ளெக்ஸ் மட்டும் நின்றபாடில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது. அதனால் சில பள்ளிகள் சல்லடையை ஒன்பதாம் வகுப்பில் எடுக்கும். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பெற்றோரைக் கூப்பிட்டு, “வேற ஸ்கூல் பாருங்களேன், டி.சி. ரெடியா இருக்கு” என்பார்கள். ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதுதான் ரிசல்ட்.

இன்னொரு தில்லுமுல்லு பிளஸ் ஒன்னில். அந்தப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளால்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. 2025இல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். நீட்டும் ஜே.இ.இ.யும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேட்கும். மார்க் ஷீட்டில் 590 வாங்கிய பிள்ளை அங்கே போய் முழிப்பது இதனால்தான். பிளஸ் ஒன் இயற்பியலை எந்த மாதம் முடிக்கிறார்கள் என்று, பள்ளி நிர்வாகத்திடம் அல்ல, அங்கே படிக்கும் மாணவனிடம் கேளுங்கள்.

பி.டி. பீரியடிலும் கணக்கு நடத்துகிறார்கள். நல்லதுதானே?
– வாசகர், தி. நகர்

இல்லை. கணக்குக்கென்று கொடுத்த பீரியடில் என்ன செய்தார்களாம்? ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தினம் ஒரு உடற்கல்வி பீரியட் வேண்டும் என்று சி.பி.எஸ்.இ. 2018இல் கட்டாயமாக்கியது. பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக உதயநிதி ஸ்டாலினே கேட்டுக்கொண்டார்.

பள்ளியில் பெயரை மட்டும் பதிந்துவிட்டு, முழுநேரம் கோச்சிங் அனுப்பலாமா?
– வாசகர், கோட்டூர்புரம்

கூடாது. சி.பி.எஸ்.இ.யில் 75 சதவீத வருகை கட்டாயம். இப்படி நடந்த 21 பள்ளிகளின் இணைப்பை 2024 நவம்பரில் வாரியம் ரத்து செய்தது.

மகள் நீச்சலில் தேசிய அளவில் மெடல் வாங்கியவள். பிளஸ் ஒன் வந்ததும் நிறுத்திவிடச் சொல்கிறார் அவள் அப்பா.
– வாசகி, ஆழ்வார்பேட்டை

கவலைப்படாதீர்கள் அம்மா, நிறுத்தவும் வேண்டாம். உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஐ.ஐ.டி. மெட்ராஸ், 2024-25 முதல் விளையாட்டு வீரர்களுக்கென்று ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது. அதில் ஒன்று பெண்களுக்கே. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் பட்டியலில் பெயர் வர வேண்டும். கடந்த நான்கு ஆண்டுகளுக்குள் வாங்கிய தேசிய அல்லது சர்வதேச மெடலும் வேண்டும். சர்டிஃபிகேட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி, அவள் அப்பாவிடம் ஒரு முறை காட்டுங்கள்.