குப்பை மேடும் நமது கிணறும்



சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் வந்து, "சாமி, குப்பை மேட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் பிள்ளைகள் இரவெல்லாம் இருமுகிறார்கள். முறையிடப் போனால், 'அதிலே உங்கள் வீட்டுக் குப்பையும்தானே கிடக்கிறது' என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். நாங்கள் கேட்பது தப்பா?" என்றாள். வாசற்படியில் நின்று விடை சொல்லக்கூடிய கேள்வியல்ல இது. ஆகையால் இவ்வாரப் பாடத்தை இதற்கே வைத்துக்கொள்வோம்.

நாற்றந்தான் அபாயம் என்று அநேகர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. சோறு, காய்கறித் தோல், மீன் கழிவு முதலியவை குப்பைக்கடியில் காற்றுப் படாமல் அழுகும்போது மீத்தேன் என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆனால் எளிதில் தீப்பற்றும். பிளாஸ்டிக்கும் கந்தலும் கூடவே கிடப்பதால், பற்றிய தீ உள்ளுக்குள்ளேயே ஊர்ந்து செல்லும். மேலே தண்ணீர் கொட்டினால் மட்டும் அணையாது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் 2022 ஏப்ரல் 27-ல் பற்றிய தீ பல நாள் புகைந்தது. கொச்சியை அடுத்த பிரம்மபுரத்தில் 2023 மார்ச் 2-ல் தொடங்கிய தீ பத்து நாளுக்கு மேல் எரிந்தது. நமது ஜில்லாவிலேயே வேங்கடமங்கலத்துக் குப்பைக் கிடங்கைக் குறித்துச் சுற்றிலும் வசிப்போர் நெடுநாளாக முறையிட்டு வந்திருக்கிறார்கள்.

மேடு சரிந்து விழுவதுமுண்டு. கொழும்பில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு 2017 ஏப்ரல் 14-ந் தேதி வீடுகளின்மேல் சரிந்து 32 பேர் மாண்டார்கள். அன்று சித்திரைப் புத்தாண்டு. நமக்கோ பெரிய வெள்ளிக்கிழமை. பிலிப்பைன்ஸ் தேசத்துப் பயாட்டாஸில் 2000 ஜூலை 10-ல் அடைமழைக்குப் பின் இப்படியே நேர்ந்து, இருநூறு பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த சீமை. கடற்கரைப் பக்கமோ மணல் பூமி. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை அந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் நிற்கிறது. மழை நீர் எவ்வளவு சீக்கிரம் மணலில் இறங்குகிறதோ, குப்பையில் ஊறிய கறுப்பு நீரும் அவ்வளவு சீக்கிரம் இறங்கும். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்: தண்ணீரைக் காய்ச்சினால் கிருமிகள் சாகும்; ஈயம் போன்ற உலோகங்களும் உப்பும் போகமாட்டா. கிணற்று நீரின் நிறமோ ருசியோ மாறினால் அதைக் குடிப்பதை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குக் கொடுப்பதே முறை.

2016-ல் வெளியான மத்திய அரசின் விதிகள் இந்த அபாயங்களையெல்லாம் அறிந்தே எழுதப்பட்டவை. குடியிருப்புக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 200 மீட்டர் தள்ளியே குப்பை நிரப்பும் இடம் இருக்க வேண்டும். அடியில் களிமண்ணும் அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் விரிப்பும் வேண்டும். அன்றன்று கொட்டியதை 10 சென்டிமீட்டர் மண்ணாவது போட்டு மூட வேண்டும். மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 சென்டிமீட்டர் வரை மண் போட வேண்டும் என்று அவை கூறின.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். நம் வீட்டுக் குப்பை அங்கே கிடப்பது மெய். ஈரக் குப்பையையும் உலர்ந்ததையும் ஒரே வாளியில் கலந்து போடுவது நமது குற்றமே. அந்த ஈரந்தான் உள்ளே வாயுவாகிறது. ஆனால் வரி வாங்கி, இடத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவர்களின் கடமை அதனால் நீங்கிவிடாது. பிறருடைய தேகசுகத்துக்குக் கேடு செய்வது ஐந்தாம் கற்பனையைச் சேர்ந்த காரியமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். ஆகவே கேட்பது தப்பல்ல. பிள்ளை இருமும்போது கேளாதிருப்பதே தப்பு.

லாரி ஓட்டுகிறவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவரும் துப்புரவுத் தொழிலாளரும் நம்மைவிட அதிகமாக அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்கள். புகை வந்த தேதி, மணி, காற்றின் திசை, நோயுற்றவர் வயது ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ஐப்பசி மழைக்கு முன் மண் போட்டாயிற்றா என்பதை முதலில் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் சனிக்கிழமை மாலை நோட்டுடன் என் வீட்டுக்கு வரலாம்.