ஆறில்லா இரு நிலங்கள்

தீவு என்றவுடன் யாழ்ப்பாணத்தார் மனத்தில் தோன்றுவன நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு முதலிய தட்டை நிலங்களேயாம். அவை கடலடியிற் படிந்த சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. மலையென்று சொல்லத்தக்க மேடு அவற்றில் இல்லை. தீயினாற் பிறந்த தீவைக் காணவேண்டின் தொலைவிற் செல்லல் வேண்டும். நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் வாழும் நம் பழைய மாணவர் சிலருடன் ஒருநாள் யாம் நடந்து கண்ட ரங்கிற்றோற்றோத் தீவைப்பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றோம். மேல்வகுப்பு மாணவர் இதனைத் தம் புவியியற் பாடத்தோடு சேர்த்துப் படிப்பாராக.

ஒக்லாந்து ஏறக்குறைய 50 எரிமலைவாய்களின்மேல் அமைந்த நகரம். அவற்றுள் இளையதும் பெரியதும் கடலினின்றெழுந்த இத்தீவே. நகர்த்துறையிலிருந்து இயந்திரப் படகில் அரைமணி நேரத்துக்குள் அடையலாம். இன்று காணும் மலையின் பெரும்பகுதி சுமார் 600 ஆண்டுகளுக்கு முன், யாழ்ப்பாணத்தில் ஆரியச் சக்கரவர்த்திகள் அரசாண்ட காலத்திலே, உருவாயிற்று. அயலிலுள்ள மொற்றுத்தாப்புத் தீவில் மாவோரி மக்கள் அப்பொழுதே வாழ்ந்தனர். அங்கு விழுந்த சாம்பலில் மனிதர் அடிச்சுவடுகளும் நாயின் அடிச்சுவடுகளும் பதிந்து கிடந்தமையை ஆராய்ச்சியாளர் கண்டெடுத்துள்ளனர். தம் கண்முன்னே கடல் தீக்கக்கியதைக் கண்டும் அவர் மீண்டுவந்து பயிர் செய்தனர் என்பது எம்மை வியப்பில் ஆழ்த்தியது.

மலையுச்சி 259 மீற்றர் உயரம். ஒருமணி நேர நடை. வழியின் இருமருங்கும் கரிய எரிமலைக்கல் உடைந்து கிடக்கின்றது. மெல்லிய செருப்புடன் ஏற எண்ணுவார்க்கு ஒரு சொல்: அக்கல் கத்திபோல் அறுக்கும். தீவின் பழைய பாதைகள் பல 1925 தொடக்கம் 1936 வரை சிறைக்கைதிகளால் அமைக்கப்பட்டவை.

எங்கும் ஓர் ஓடையேனும் இல்லை. பெய்யும் மழை முழுவதும் கல்லிடுக்குகளில் இறங்கி மறைந்துவிடும். குடிநீரை நாமே சுமந்து செல்லல் வேண்டும். அவ்வாறாயின் உச்சிவரை மரம் செறிந்திருப்பது எங்ஙனம்? முதலில் வெறுங்கல்லில் இலைக்கனும் பாசியும் படர்கின்றன. பின்னர்ப் பொஹுற்றுக்காவா என்னும் மரத்தின் நுண்ணிய விதை வெடிப்பிற் சிக்கி வேரூன்றுகின்றது. இது நம் நாவலும் கொய்யாவும் சேர்ந்த குடும்பத்தது. மார்கழியிற் செந்நிறமாய்ப் பூப்பது. அதன் நிழலில் வெயில் தணிகின்றது. உதிர்ந்த இலை மக்கி ஒருபிடி மண்ணாகின்றது. அம்மண்ணிற் பிற செடிகள் முளைக்கின்றன. கருங்கல் வெளியின் நடுவே இத்தகைய பசுந்திட்டுக்கள் பெருகி ஒன்றோடொன்று கூடுகின்றன. மரங்களைத் தின்றழித்த பிறநாட்டு விலங்குகள் அகற்றப்பட்டு, 2011ஆம் ஆண்டில் இத்தீவு அவை அற்றதென அறிவிக்கப்பட்டது.

இனி நம் கோப்பாயை நோக்குவோம். இங்கும் ஆறில்லை, மழை கல்லூடே இறங்குகின்றது. ஆயின் நம் கல் நீரிற் கரைவது. ஆதலின் உள்ளே குகைகளும் ஊடறைகளும் உண்டாகி நன்னீரைத் தாங்குகின்றன. அந்நன்னீர் கீழுள்ள உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றின் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்துநீர் உவராகவும் இருப்பதன் காரணம் இதுவே. கடல்மட்டத்துக்குமேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடி குறையின் கீழே நாற்பதடிக்கு உவர் ஏறும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதன் களைத்தவுடன் கிணறும் ஓய்ந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்கோ களைப்பில்லை. செம்மண் தோட்டங்களில் மிகையாக இடும் இரசாயன உரமும் அதே வெடிப்புக்கள் வழியே இறங்குகின்றது. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று குடிநீர்க்கு விதித்த அளவைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மாணவர்க்கு ஒரு பயிற்சி: உங்கள் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைத் தைப்பொங்கலன்று ஒருமுறையும் ஆவணி இறுதியில் ஒருமுறையும் கயிறிட்டு அளந்து, மூன்றாண்டுகள் தொடர்ந்து குறித்துவாருங்கள்.