யானைச் சின்னமும் நாட்டுப்படையும்

சேனை என்றவுடன் ஆண்டு முழுவதும் பாசறையில் வாழ்ந்து, போரே தொழிலாகக் கொண்டோர் கூட்டமே நம் நினைவிற்கு வருகின்றது. அஃதன்றி, உழவும் வாணிகமும் அலுவலும் செய்துகொண்டே ஆண்டில் சில காலம் பயிற்சி பெற்று, அழைத்தபோது ஆயுதமேந்தும் சேனையும் உண்டு. இதனைப் பிரதேச இராணுவம் என்பர். மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை எனத் தொடங்கிப் பரிமேலழகர் கூறும் அறுவகைப் படையுள் இதனை நாட்டுப்படையோடு ஒருவாறு ஒப்பிடலாம்.

இதன் தென்னாட்டுப் பிரிவுகளுள் சில மதராஸ் ரெஜிமெண்டைச் சார்ந்தவை. கோயம்புத்தூரில் நிலைகொண்ட 110-ஆம் பட்டாளம் அவற்றுள் ஒன்று. அவ்வீரரும் தொப்பியில் அணிவது அந்த ரெஜிமெண்டின் யானைச் சின்னமே. கேடயத்தின்மீது யானை; பின்னே குறுக்காக இரு வாள்கள். இந்த யானை வந்த வழி அறியத்தக்கது.

1803-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் தக்காணத்திலுள்ள அசாயே என்னும் சிற்றூரில், ஆர்தர் வெல்லெஸ்லியின் சிறுபடை, பன்மடங்கு பெரிய மராட்டியச் சேனையை வென்றது. பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே நின்று பொருத சென்னைச் சிப்பாய்களின் பட்டாளங்களுக்கு, அசாயே என்ற பெயரும் யானை உருவமும் பொறித்த கொடி பரிசாயிற்று. அப்போர் இந்தியரை இந்தியர் எதிர்த்த போர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. வீரம் மெய், அதன் பயனைப் பெற்றவரோ கம்பெனியார்.

இத்தகைய புகழ் பெற்றவர்க்குப் பின்னாளில் நேர்ந்தது யாது? 1885 முதல் 1893 வரை இந்தியச் சேனாதிபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, வடமேற்கிலுள்ள சில இனத்தாரே போர்க்குரியோர், தென்னாட்டார் அதற்குத் தகார் என்னும் கொள்கையை வலியுறுத்தினார். பல்லாண்டு அமைதி நிலவிய நாட்டில் போர் காணாத சிப்பாயைப் பார்த்து, அவன் பிறப்பையே குறை கூறியது என்ன நியாயமோ! சென்னைப் பட்டாளங்கள் ஒவ்வொன்றாகக் குறைக்கப்பட்டன. 1922-இல் மூன்றாம் மதராஸ் ரெஜிமெண்ட் என்று பெயர் பெற்றதன் முழுநேரப் பட்டாளங்களும், சிக்கனத்தைக் காரணங்காட்டி, சில ஆண்டுகளுக்குள் கலைக்கப்பட்டன.

அப்பொழுது ரெஜிமெண்டின் பெயரை அழியாமற் காத்தவை 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த பிரதேசப் படையின் பகுதிநேரப் பட்டாளங்களே. கல்லூரி மாணவர்க்குரிய பல்கலைக்கழகப் பயிற்சிப் படையும் அச்சட்டத்தின்கீழ் அமைந்ததே. இரண்டாம் உலகப் போர் மூண்டதும், தகார் என்று ஒதுக்கப்பட்டோரே மீண்டும் வேண்டியவராயினர். ரெஜிமெண்டும் மறுபடி எழுப்பப்பட்டது. பர்மாப் போர்முனையில் அவர்கள் ஆற்றிய பணி பழைய கொள்கைக்குத் தக்க விடையாயிற்று.

விடுதலைக்குப் பின் 1948-இல் பிரதேச இராணுவச் சட்டம் இயற்றப்பட்டது. 1949 அக்டோபர் 9-ஆம் நாள் அச்சேனையைத் தொடங்கி வைத்தவர் கவர்னர் ஜெனரல் இராஜகோபாலாச்சாரியார். நம் சின்னசேலத்திலிருந்து ரயிலேறினால் எட்டும் சேலத்தில் வக்கீலாக இருந்தவர் அவர். அகிம்சை நெறியில் நின்ற ஒருவர் கையால் ஒரு சேனை பிறந்தது வியப்பே. 1962, 1965, 1971 ஆகிய ஆண்டுகளின் போர்களில் இச்சேனையும் பணிக்கு அழைக்கப்பட்டது.

இதன் பயிற்சி முறையும் நுட்பமானது. நகரத்துப் பிரிவினர் வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் பயில்வர். நாட்டுப்புறப் பிரிவினர் ஆண்டில் இரண்டு மாதம் சேர்ந்தாற்போல் பயில்வர். கல்வராயன் மலையடிவாரத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடும் இளைஞனுக்கு இரண்டாவதே இயையும். பணிநாட்களுக்கு முழுநேரச் சிப்பாய்க்குரிய சம்பளமே கிடைக்கும். பணி முடிந்து மீள்வோனை அவன் முன்பிருந்த வேலையிலேயே அமர்த்த வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டமே முதலாளிகளைக் கட்டுப்படுத்துகின்றது.