மடுவுக்குப் போகுமுன்

இரணைமடுவிலுள்ள சொந்தக்காரரைப் பார்க்கப் போகும் நம்மில் பலர், அப்படியே மடு மாதாவையும் கும்பிட்டு வர ஆசைப்படுகிறோம். நல்லதுதான். ஆனால் ஆகஸ்ட் 15 திருவிழாவில் இலட்சக்கணக்கில் சனம் கூடும். ஆகவே:

1. ஏ-9 வீதியால் வவுனியா வந்து மன்னார்ப் பக்கம் திரும்ப வேண்டும். பஸ் கோவில் வரை போகுமா என்று ஏறுமுன்பே கேளுங்கள். மடுச் சந்தியிலிருந்து கோவில் காட்டுக்குள்ளே வெகுதூரம்.

2. வன்னி வெயில் நம் மலைக்குளிர் மாதிரி இல்லை. தண்ணீர் போத்தல் மறக்க வேண்டாம்.

3. பிள்ளையின் சட்டைப்பையில் பெயரும் போன் நம்பரும் எழுதி வையுங்கள். தவறினால் எங்கே நிற்பது என்றும் சொல்லிக்கொடுங்கள்.

4. கடன் வாங்கிப் போகாதீர்கள். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருந்தால் சாதாரண நாளில் போவோம். மாதா அன்றும் அங்கேதான் இருக்கிறார்.