காப்புக் கட்டும் நாள்

நுழையும்முன்

திருநாளின் மகிழ்ச்சி அதற்கு முந்தைய நாளில், வீட்டார் அனைவரும் கூடிச் செய்யும் வேலைகளிலேயே தொடங்கிவிடுகிறது. பொங்கலுக்கு முந்தைய நாளாகிய போகி, கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் காப்புக் கட்டும் நாளாகவும் விளங்குகிறது. எதைக் கழிப்பது, எதைப் புதுப்பிப்பது, எதைக் காப்பது என ஒரு குடும்பம் கூடி முடிவுசெய்யும் அந்நாளின் சிறப்பை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மழைக்குப் பின் வரும் நாள்

மார்கழியின் இறுதி நாள் போகி. மறுநாள் தை முதல் நாளாகிய பொங்கல். இந்நாள் வீட்டைத் தூய்மை செய்வதற்கு உரியதாக அமைந்ததற்குப் பருவமும் ஒரு காரணமாகும். தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மழையில் நனைந்த சுவர்களில் பாசி படிந்திருக்கும். பரணில் ஈரம் தங்கியிருக்கும். மூலை முடுக்குகளில் பூச்சிகள் குடியேறியிருக்கும். அதே வேளையில் சம்பா நெல் அறுவடைக்கு வந்து நிற்கும். புதுநெல் வீடு வந்து சேர்வதற்கு முன்னர் அதை வைக்கும் இடம் உலர்ந்து தூய்மையாக இருத்தல் வேண்டும். மழை ஓய்ந்து, வெயில் தெளிந்து, விளைச்சல் கைக்கு வரும் இடைவெளியில் இந்த வேலைநாள் அமைந்துள்ளது.

கழித்தல்

போகியன்று பொழுது புலரும் முன்பே வீடு விழித்துக்கொள்கிறது. வாசல் தெளித்துக் கோலமிடுவதில் தொடங்கும் வேலை, பரணில் உள்ளவற்றை இறக்கும்போது சூடுபிடிக்கிறது. ஏணிமேல் நிற்பவர் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, கீழே நிற்பவர் வாங்கித் திண்ணையில் அடுக்குகிறார். ஓட்டை விழுந்த கூடை, விளிம்பு பிரிந்த முறம், கிழிந்த கோரைப்பாய், தேய்ந்த துடைப்பம் எனத் திண்ணை நிறைகிறது. ஒவ்வொரு பொருளும் கீழிறங்கும்போது அதனோடு ஒரு கதையும் இறங்குகிறது. சக்கரம் கழன்ற நடைவண்டியைக் கண்டு, “இது எதுக்கு இன்னும்?” என்று பேத்தி கேட்கிறாள். “உங்கப்பன் நடை பழகின வண்டி கண்ணு அது” என்கிறார் அப்பத்தா. முற்றத்தில் சிரிப்பலை எழுகிறது. நடைவண்டி குப்பைக்குச் செல்லவில்லை, தச்சரிடம் செல்கிறது. சக்கரத்தைப் பொருத்திவிட்டால் அடுத்த குழந்தை அதைப் பிடித்து நடக்கும்.

கழித்தல் என்பது எல்லாவற்றையும் எறிந்துவிடுதல் அன்று. மட்கும் நாரும் ஓலையும் எருக்குழிக்கு உரியவை. இரும்பும் பழைய தாளும் அவற்றை வாங்குவோர்க்கு உரியவை. செப்பனிடத்தக்கவை கைவினைஞர்க்கு உரியவை. இவ்வாறு தரம் பிரித்த பின்னர்த் தீயில் இடுவதற்கு எஞ்சுவது மிகச் சிறிதே. ஆனால், நகரங்களில் நெகிழியும் உருளிப்பட்டையும் எரிக்கப்படும்போது எழும் நச்சுப்புகை, மார்கழிப் பனியோடு கலந்து மூச்சுத் திணறலை உண்டாக்குகிறது. சென்னையில் போகியன்று காலை விமானப் போக்குவரத்துத் தடைபட்டதும் உண்டு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் தடை நடைமுறையில் உள்ளது. அத்தகைய பொருள்களை வீட்டுக்குள் வரவிடாமல் இருப்பதே இக்காலத்துக்கு ஏற்ற கழித்தலாகும்.

தாள்களைக் கழிக்கும்போது இன்னும் கூடுதலான கவனம் தேவை. பழைய பெட்டியின் அடியில் நிலப்பத்திரமும் முன்னோர் எழுதிய கணக்கேடும் கடிதமும் இருக்கலாம். பழையது என்னும் ஒரே காரணத்திற்காக ஒன்றைத் தீயில் இடுவதன் இழப்பைத் தமிழ் இலக்கிய வரலாறு நன்கு அறியும். சுவடி தேடி ஊர் ஊராகச் சென்ற உ.வே.சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகள் பழுதுபட்டவை எனக் கருதி நெருப்பில் இடப்பட்டதைக் கேட்டு வருந்தியதைத் தம் நினைவுகளில் பதிவுசெய்துள்ளார். எரிந்த ஏடுகளில் என்னென்ன இருந்தன என்பதை இனி எவராலும் கூற இயலாது. எனவே, படித்துப் பார்த்த பின்னரே எந்தத் தாளையும் விலக்க வேண்டும்.

புதுப்பித்தல்

பொருள்கள் வெளியேறிய வீடு திடீரெனப் பெரிதாகிவிடுகிறது. வெறுமையான அறையில் குழந்தைகள் கூவி எதிரொலி கேட்டு மகிழ்கின்றனர். அடுத்து வெள்ளையடிக்கும் வேலை தொடங்குகிறது. சுட்ட சுண்ணாம்பில் நீரூற்றியதும் அது சீறிக் கொதிக்கிறது. கால்சியம் ஆக்சைடு நீருடன் வினைபுரிந்து கால்சியம் ஹைட்ராக்சைடாக மாறுகையில் வெப்பம் வெளிப்படுவதே அதற்குக் காரணம். ஆதலால், சுண்ணாம்பை நீற்றும் பணியைப் பெரியவர்களே ஏற்றுக்கொண்டு, சிறுவர்களை எட்டி நிற்கச் சொல்கின்றனர். ஆறிய கரைசலை வடிகட்டி, சிறிது நீலம் கலந்து சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையின் வளர்ச்சியையும் தடுக்கிறது. மழைக்காலத்தை அடுத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசிய முன்னோரின் பட்டறிவுக்குள் இத்தகைய வேதியியல் அமைந்திருந்தது.

முற்றத்தின் மறுபுறம் பித்தளைக் குடங்களும் அண்டாக்களும் புளியாலும் சாம்பலாலும் துலக்கப்படுகின்றன. புளியின் அமிலம் கறுத்த படலத்தைக் கரைக்க, வெயிலில் பொன்னிறம் மின்னுகிறது. இவ்வேலையில் பேரனும் அப்பாவும் கைகொடுத்தால்தான் அம்மாவுக்கும் அது திருநாளாகும். ஒருவர் மட்டும் உழைத்துக் களைத்து, மற்றவர் மட்டும் மகிழும் நாளை விழா என்று கூறுதல் பொருந்தாது. பாத்திரம் துலக்குதல் பெண்களுக்கே உரியது என்னும் எண்ணமும் அன்று பரணிலிருந்து இறக்கிக் கழிக்க வேண்டிய பழம்பொருளே.

பிற்பகலில் சந்தைக்குச் சென்றவர்கள் கரும்பும் மஞ்சள்கொத்தும் புதுப்பானையுமாகத் திரும்புகின்றனர். பானையைத் தட்டி ஓசை பார்த்து வாங்கும் முறையை அப்பாரு பேரனுக்குக் கற்றுத் தருகிறார்: கணீரென்ற ஓசை நன்கு வெந்த பானையைக் காட்டும், மங்கிய ஓசை விரிசலைக் காட்டிக்கொடுக்கும். இத்தகைய அறிவு கைவழியாகவும் செவிவழியாகவுமே ஒரு தலைமுறையிலிருந்து மற்றொரு தலைமுறைக்கு வந்து சேர்கிறது.

காத்தல்

வேலைகளெல்லாம் முடிந்த மாலைப்பொழுதில் காப்புக் கட்டுதல் நிகழ்கிறது. வேப்பிலை, மஞ்சள்நிற ஆவாரம்பூ, வெண்ணிறப் பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கொத்தாகக் கட்டி, வீட்டு முகப்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் கிணற்றடியிலும் வயலிலும் செருகுகின்றனர். ஆவாரையும் பூளையும் விலையுயர்ந்த மலர்கள் அல்ல. வேலியோரத்திலும் தரிசு நிலத்திலும் தாமே வளர்பவை. அவற்றைப் பறித்துச் சந்தையில் விற்கும் எளிய மக்களுக்கும் அன்று நாலு காசு கிடைக்கிறது.

இம்மலர்களின் பெயர்கள் மிகப் பழமையானவை. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் 99 மலர்களின் வரிசையில் ஆவிரையும் குரீஇப்பூளையும் உள்ளன. அந்நூல் அடங்கிய பத்துப்பாட்டை உ.வே.சா. 1889ஆம் ஆண்டு அச்சில் பதிப்பித்தார். தமக்குக் கிடைத்த குறிஞ்சிப்பாட்டு ஏட்டில் சில மலர்களின் பெயர்கள் விடுபட்டிருந்ததையும், அவற்றை வேறொரு சுவடியில் தேடிக் கண்டடைந்ததையும் ‘உதிர்ந்த மலர்கள்’ என்னும் கட்டுரையில் அவர் விவரித்துள்ளார். அந்தச் சுவடியையும் பழையதெனக் கருதி யாரேனும் தீயில் இட்டிருந்தால், அம்மலர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்காமலே போயிருக்கக்கூடும்.

ஏட்டில் இருந்த பெயரை ஓர் அறிஞர் காத்தார். வேலியில் இருக்கும் செடியை, ஆண்டுதோறும் அதைத் தேடிச் செல்லும் ஊரார் காத்து வருகின்றனர். பூளைப்பூ எந்த மேட்டில் பூக்கும் என்பதைப் பேத்திக்குக் காட்டிக்கொடுக்கும் அப்பத்தாவும் அந்தக் காவலில் பங்குடையவரே. விளக்கேற்றும் வேளையில், புதுச்சுண்ணாம்பின் மணம் கமழும் திண்ணையில் குடும்பம் கூடி அமர்கிறது. செப்பனிட்ட நடைவண்டி மூலையில் நிற்க, முகப்பில் காப்பு அசைகிறது. வீடு பொங்கலை வரவேற்க அணியமாகிவிட்டது.

தெரிந்து தெளிவோம்

பொங்கல் பானையில் மஞ்சள்கொத்தைக் கட்டுவது தமிழர் வழக்கம். மஞ்சள் விளைச்சலுக்குப் பெயர்பெற்ற ஈரோட்டின் மஞ்சளுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, அதன் கதையை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊரில் திருநாளுக்கு முந்தைய நாளில் செய்யப்படும் வேலைகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் யார் செய்கின்றனர் என்பதைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
3. ‘கழிப்பதற்கும் அழிப்பதற்கும் உள்ள வேறுபாடு’ – பாடப்பகுதியை அடிப்படையாகக் கொண்டு விளக்குக.