பாட்டுப் பெட்டி அதிராமல் இருக்க

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் பெட்டியை நீங்களே அடிக்கப் போகிறீர்களா? முதல் கவனம் பலகையில் இருக்கட்டும். தேயிலைக்கு நிழல் தரும் கிரவிலியா பதுளைப் பக்கம் எங்கும் உண்டு. ஆனால் ஈரம் காயாத பலகை நாளாக ஆக வளைந்து, மூட்டு விட்டுப்போகும். எம்.டி.எஃப். சத்தத்துக்கு நல்லதுதான், ஊவாவின் ஐப்பசி, கார்த்திகை மழையில் அதன் வெட்டுமுனை ஊதிவிடும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டே என் தேர்வு. வாங்கும்போது வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். அடுக்குகளுக்கு இடையே பொந்து தெரிந்தால் வேண்டாம், பின்னால் 'கிர்ர்' என்று இரைவது அந்தப் பொந்துதான்.

நான்கு பக்கமும் பூட்டியதும், பின்பலகையை மூடுமுன், பக்கப் பலகையை விரல் முட்டியால் தட்டுங்கள். 'டொம்ம்' என்று நீண்டு ஒலித்தால் தாங்கல் போதாது. 'டக்' என்று அறுந்து நிற்க வேண்டும். எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து உள்ளே 2 அங்குலச் சட்டம் கொடுங்கள், பசையும் திருகாணியும் சேர்த்து இறுக்குங்கள். சரி நடுவில் வைக்காதீர்கள். சற்றுத் தள்ளி வைத்தால் இரு பகுதியும் ஒரே சுருதியில் அதிராது.

திருவிழா அன்று பெட்டியை வெறுந்தரையில் வைக்காமல் இரண்டு கட்டைமேல் ஏற்றுங்கள். ஈரமண் முதலில் கெடுப்பது அடிப்பலகையைத்தான்.